ஆகாயப் படமும் ஆராய்ச்சிப் புத்தியும்

சினிமாவைப் பற்றி நமது அபிப்பிராயம் என்ன என்பது வாசகர்களுக்குப் புதிதல்ல. மக்களுடைய பொழுதையும் பணத்தையும் தின்று, அதற்குப் பதிலாகப் பழைய புராணக் குப்பையையும், வீண் பகட்டையும், நடிகர்களைத் தெய்வமாக்கிக் கும்பிடும் புத்தியையும் கொடுத்துவிட்டுப் போகின்ற ஒரு தொழில் என்றே அதைப் பெரும்பாலும் நாம் கருதி வருகின்றோம். அப்படிப்பட்ட நாம் இன்று ஒரு சினிமாவைப் பற்றி, அதிலும் அது வெளிவருவதற்கு முன்பாக அதன் ரசிகர்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பற்றி எழுத வந்திருப்பது சில தோழர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். "வேலையற்றவர்கள் பேசின பேச்சுக்கு ஒரு வியாசமா?" என்றும் கேட்கலாம். கேட்கட்டும். வேலையற்றவர்கள் பேசின பேச்சுத்தான் நம் நாட்டில் பதினெட்டுப் புராணமாகி, அதற்குப் பட்டுத் துணி சுற்றிப் பூசையும் நடக்கின்றது. ஆகவே வேலையற்ற பேச்சிலும் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு தாரதம்மியம் இருக்கக்கூடும் என்பதைக் காட்டவே இதை எழுதத் துணிந்தோம்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் 'இன்டர்ஸ்டெல்லார்' என்று ஒரு படம் 2014-ம் வருஷம் நவம்பர் மாதம் வெளிவந்தது. நட்சத்திரங்களுக்கு இடையே என்பது அப்பெயரின் பொருள். டைரக்டர் கிறிஸ்டோபர் நோலன் என்பவர். கதையை எழுதினவர்கள் அவரும் அவருடைய தம்பி ஜோனதன் நோலனும். இந்தப் படத்திற்கு வித்துப் போட்டவர்களில் ஒருவர் கிப் தோர்ன் என்னும் பௌதிக சாஸ்திர ஆசிரியர். 2006-ல் வேறு ஒரு டைரக்டர் எடுப்பதாக இருந்து, கைமாறி, 2013-ல்தான் படப்பிடிப்பு நடந்தது. (கதையில் வருகின்ற சோளக்கொல்லைக்காகக் கனடா தேசத்தில் 500 ஏக்கர் மக்காச்சோளம் நிஜமாகவே பயிரிட்டு, படம் பிடித்த பிறகு அந்தச் சோளத்தை விற்று லாபமும் பார்த்தார்களாம். நம் கிராமத்துத் தோழர்கள் இதைக் கவனிக்கவும்.)

2013 டிசம்பரில் முதல் முன்னோட்டம் வந்தது. அதில் கதை என்று ஒன்றுமே இல்லை. பழைய விமானங்களும் ராக்கெட்டுகளும் பறக்கின்ற துண்டுப் படங்கள், ஒரு சோளக்கொல்லை, அதனோரமாக ஓடும் ஒரு வண்டி, ஒரு மனிதனுடைய குரல், அவ்வளவுதான். கம்பெனியார் கொடுத்த கதைச் சுருக்கமும் ஒரே வாக்கியம். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு புழுத்துளையின் வழியாகச் சில ஆராய்ச்சிக்காரர்கள் நட்சத்திரங்களுக்கிடையே உள்ள பெருந்தூரத்தைக் கடக்கப் புறப்படுகிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒரு சங்கதியும் கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தையும் சோளக்கொல்லையையும் வைத்துக்கொண்டு, பல தேசங்களிலும் இருந்த ரசிகர்கள் படம் வெளிவரும் வரை ஏறக்குறைய ஒரு வருஷ காலம் ஓயாமல் விவாதம் நடத்தினார்கள்.

விவாதம் எதைப் பற்றி? நாயகி என்ன சேலை கட்டி வருவாள், நாயகன் எத்தனை பேரை அடிப்பான் என்பதைப் பற்றியா? அப்படியும் சிலர் பேசியிருப்பார்கள். ஆனால் பெரும்பான்மையானவர்களின் கேள்வி, இது நடக்கக்கூடிய காரியமா, நடக்கக்கூடியதென்றால் எந்த விதிப்படி என்பதாகவே இருந்தது. இந்த ஒரு சங்கதிதான் நமது கவனத்தை இழுத்தது.

முதலாவது, புழுத்துளை என்பது எதற்காக என்று கேட்டார்கள். நமது சூரியனுக்கு அடுத்தபடியாகக் கிட்ட இருக்கின்ற நட்சத்திரத்திலிருந்து வெளிச்சம் வந்து சேரவே 4 வருஷத்துக்கு மேல் ஆகின்றது. 1977-ல் பூமியை விட்டுக் கிளம்பிய வாயேஜர்-1 என்னும் கலம் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் ஓடுகின்றது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் சுமார் 75,000 வருஷம் வேண்டும். ஆகவே ராக்கெட்டில் ஏறி உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகளின் எலும்புகூடப் போய்ச் சேராது. அதற்காகத்தான் இந்தக் குறுக்கு வழி. ஒரு எட்டு முழ வேட்டியை விரித்துப் போட்டு இந்தத் தலைப்பில் ஒரு எறும்பை விட்டால், அந்தத் தலைப்புக்கு அது எட்டு முழமும் நடந்தாக வேண்டும். வேட்டியை மடித்து இரண்டு தலைப்பையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரு பொத்தல் போட்டால், ஒரே எட்டில் போய்விடும். இடம் என்பதே இப்படி வளையக்கூடியது என்பது ஐன்ஸ்டீனின் கணக்கு. அவரும் ரோசன் என்பவரும் 1935-லேயே இப்படிப்பட்ட ஒரு பாலம் கணக்கில் வருகின்றது என்று எழுதினார்கள். 1980-க்குப் பிறகு கார்ல் சேகன் என்னும் வானசாஸ்திரி தாம் எழுதிய ஒரு நாவலுக்காகத் தோர்னை யோசனை கேட்கப்போக, அதிலிருந்து தோர்னும் அவருடைய மாணவர் மோரிஸும் 1988-ல், அந்தத் துளை மூடிக்கொள்ளாமல் திறந்தே இருப்பதற்கு என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அதற்கு வேண்டிய வஸ்து உலகத்தில் அவ்வளவு அளவில் இருப்பதாக இன்று வரை ஒருவரும் கண்டதில்லை என்பதையும் கூடவே சொன்னார்கள்.

இவ்வளவும் படக் கம்பெனியார் சொல்லிக்கொடுத்தது அல்ல. ரசிகர்கள் தாங்களே தேடிப் பிடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது. கடையில் வேலை செய்கின்றவனும், பள்ளிக்கூடத்துப் பையனும், ஒரு படம் வரப்போகின்றது என்ற ஆசையினால் ஐன்ஸ்டீன் கணக்கு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகின்றான். நம் நாட்டில் ஒரு புராணப் படம் வரப்போகின்றது என்றால், அனுமார் கடலைத் தாண்ட எவ்வளவு வேகம் வேண்டும், அந்த வேகத்தில் வாலில் காற்று எவ்வளவு உராயும் என்று எந்த பக்தனாவது கணக்குப் பார்த்தது உண்டா? கேட்டவனை நாஸ்திகன் என்று திட்டினதுதான் உண்டு.

இரண்டாவது, அந்தத் துளையைச் சனிக்கிரகத்தின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது யார் என்ற கேள்வி வந்தது. இங்கேதான் நமக்கு முக்கியமான விஷயம் இருக்கின்றது. இதே கேள்வி நம்மவர்களிடம் வந்திருந்தால் பதில் சொல்ல ஒரு விநாடி பிடிக்காது. "எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிவிட்டு இலையில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கேயும் கடவுள் வைத்திருப்பார் என்று சொன்னவர்கள் உண்டு. வேற்றுலகத்து ஜீவன்கள் என்றவர்களும் உண்டு. ஆனால் அவரவர் தமது பதிலுக்குக் காரணம் காட்ட வேண்டியிருந்தது. காட்டினதோடு தீராமல், படம் வெளியாகும் நாளில் அந்தப் பதில் சரியா தப்பா என்று தெரிந்துபோகும் என்ற நெருக்கடியும் இருந்தது. கடைசியில் படத்தில் கிடைத்த பதில் என்ன? பின்னால் வரப்போகின்ற மனிதர்களே, அறிவில் மிகவும் முன்னேறி, தங்கள் முன்னோர்களுக்காக அதை வைத்தார்கள் என்பதாம். கடவுளுக்கு அங்கே இடமே இல்லை.

இதிலும் ஒரு ஓட்டை இருக்கின்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. துளை இல்லாவிட்டால் மனிதர் பிழைத்திருக்க முடியாது, மனிதர் பிழைக்காவிட்டால் பின்னால் துளையை வைக்க ஆள் இராது. அப்படியானால் கோழி முந்தியா, முட்டை முந்தியா? இதை முதலில் கிளப்பினவர்களே அந்தப் படத்தின் ரசிகர்கள்தான், இன்னமும் ஓயவில்லை. கடவுளை உண்டாக்கியவர் யார் என்று புரோகிதரைக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். இங்கே படத்தைக் காசு கொடுத்துப் பார்த்தவனே படக்காரனைப் பார்த்து "உன் கணக்கு இடிக்கிறதே" என்று கேட்கின்றான், கேட்டதற்காக அவனை ஒருவரும் சாதியை விட்டுத் தள்ளிவைக்கவில்லை.

மூன்றாவது, காலத்தைப் பற்றிய கேள்வி. பலமான கனத்துக்குப் பக்கத்தில் காலம் மெதுவாக ஓடும் என்பது ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கை. ஆகவே கருந்துளை ஒன்றின் அருகில் போய்வரும் தகப்பன் இளமையாகவே திரும்பி வந்து, வீட்டில் விட்டுப்போன மகளைக் கிழவியாகக் காண்பானோ என்று முன்கூட்டியே பலர் யூகித்தார்கள். அந்த யூகம் பலித்தது. படத்தில் கார்கன்டுவா என்று ஒரு கருந்துளை. அது நமது சூரியனைப்போல் 10 கோடி மடங்கு கனமுள்ளது. அதையொட்டி ஒரு கிரகம். அங்கே ஒரு மணி நேரம் நின்றால் பூமியில் 7 வருஷம் கழிந்துவிடும். அதாவது ஏறக்குறைய 61,000 மடங்கு வித்தியாசம். இறங்கிப் போனவர்கள் சிறிது நேரத்தில் திரும்பிக் கப்பலுக்கு வருகிறார்கள், அதற்குள் 23 வருஷம் போய்விட்டது.

இது முடியுமா? படம் வெளிவந்த சில நாளைக்குள் ஃபில் பிளெய்ட் என்னும் வானசாஸ்திர எழுத்தாளர், இது முடியவே முடியாது, அவ்வளவு கிட்டே ஒரு கிரகம் உள்ளே விழாமல் சுற்ற முடியாது என்று கண்டித்து எழுதினார். உடனே விஷயம் தெரிந்த மற்றவர்கள், "ஐயா, நீர் கருந்துளை சுழலாமல் சும்மா இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறீர். அது வெகு வேகமாகச் சுழன்றால் கணக்கே வேறு" என்று எடுத்துக்காட்டினார்கள். அவர் என்ன செய்தார்? தமது படிப்பைச் சொல்லி மிரட்டினாரா? கேட்டவர்களுக்கு யோக்கியதை உண்டா என்று விசாரித்தாரா? சில தினங்களில் அதே பத்திரிகையில், இந்த இடத்தில் நான் செய்தது தப்பு என்று பகிரங்கமாக எழுதினார். படத்தின் மற்றக் குற்றங்களைப் பற்றிய தமது அபிப்பிராயத்தை மாத்திரம் விட்டுக்கொடுக்கவில்லை. நம் மடாதிபதிகளில் ஒருவராவது இப்படி ஒரு வரி எழுதினதை வாசகர்கள் பார்த்தது உண்டானால் தயவுசெய்து நமக்குக் காட்டவும்.

தோர்னுக்கே முதலில் இந்த ஒரு மணிக்கு ஏழு வருஷம் என்பது முடியாது என்றுதான் தோன்றிற்றாம். டைரக்டர் பிடிவாதமாக வேண்டுமென்று கேட்ட பிறகு, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்து, கருந்துளை சுழலக்கூடிய உச்ச வேகத்துக்கு நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு மட்டும் குறைவாகச் சுழன்றால் முடியும் என்று கண்டார். இயற்கையில் அப்படி ஒன்று இருப்பது வெகு அபூர்வம் என்பதையும் ஒப்புக்கொண்டார். மற்றொரு சமயம் வெளிச்சத்தைவிட வேகமாக ஒரு பாத்திரம் பிரயாணம் செய்யலாமா என்று டைரக்டர் கேட்டதற்கு முடியாது என்று சொல்லி, அதைப் பற்றி இரண்டு வாரம் அவரோடு வாதாடினாராம். கடைசியில் டைரக்டர் அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். பணம் போட்டு ஆள் வைத்திருக்கின்றவனிடம் போய், உன் ஆசைக்காக விதி மாறாது என்று சொல்ல ஒருவர் இருந்தார், அதைக் கேட்டுக்கொள்ள மற்றவருக்கும் மனம் இருந்தது.

இதைவிட மெச்சத்தக்க காரியம் ஒன்று உண்டு. படம் வெளிவந்தபோதே தோர்ன் அதன் விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அதில் எது ருசுவான உண்மை, எது படித்தவர்களின் யூகம், எது வெறும் கற்பனை என்று மூன்று தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு அடையாளமும் போட்டார். தமது படத்தில் ஒரு கிரகத்தில் மேகமே பனிக்கட்டியாகத் தொங்குவதாகக் காட்டியிருப்பது சரியல்ல, அவ்வளவு கனத்தைப் பனிக்கட்டி தாங்காது என்றும் அவரே சொன்னார். கருந்துளையின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தபோது சில சித்திரங்களுக்கு ஒரு சித்திரத்துக்கு 100 மணி நேரம் வரை பிடித்ததாம். அவ்வளவு பாடுபட்டும், ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்க வேண்டியதை, ஜனங்கள் குழம்பிப்போவார்கள் என்று டைரக்டர் சமமாக்கிவிட்டார். இந்தச் சங்கதியையும் அவர்கள் மூடி மறைக்கவில்லை. 2015-ல் விஞ்ஞானப் பத்திரிகையிலேயே, உண்மையில் எப்படி இருக்கும், படத்தில் எதை மாற்றினோம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சிட்டார்கள். 2019 ஏப்ரலில் எம்87 என்னும் நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில், 5½ கோடி வெளிச்ச வருஷத்துக்கு அப்பால் உள்ள ஒரு கருந்துளையை உலகமெங்கும் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளைச் சேர்த்துப் படம் பிடித்தபோது, ஒரு பக்கம் பிரகாசமாகத்தான் இருந்தது.

நமது புராணங்களுக்கும் இதிகாசங்களுக்கும் இப்படி ஒருவர் மூன்று அடையாளம் போட்டு ஒரு பதிப்பு வெளியிடுவாரானால் நாம் முதல் பிரதியை வாங்கிக்கொள்ளத் தயார். முதல் அடையாளத்துக்கு அச்சாபீசில் எழுத்துக் கோக்க வேண்டிய அவசியமே இராது என்பது நமது அபிப்பிராயம்.

நிற்க, கருந்துளை என்ற பேச்சு வந்ததால் நம்மவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியிருக்கின்றது. சென்னைப் பிரசிடென்சி காலேஜில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930-ல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிந்து தீர்ந்த ஒரு நட்சத்திரம் ஒரு குறிப்பிட்ட கனத்துக்கு மேல் இருந்தால் தன்னைத் தானே தாங்கிக்கொண்டு நிற்க முடியாது என்று கணக்குப் போட்டார். நமது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. 1935-ல் லண்டனில் வானசாஸ்திர சங்கத்தில் அவர் இதைச் சொன்னபோது, அந்தக் காலத்தில் அந்தத் துறையில் மகா பெரியவராக மதிக்கப்பட்ட எடிங்டன் எழுந்து எல்லோர் முன்னிலையிலும் பரிகாசம் செய்தார். ஐன்ஸ்டீன் கொள்கையை உலகத்துக்கு ருசுப்பித்துக் காட்டியவர்களில் ஒருவர் அந்த எடிங்டன். அப்பேர்ப்பட்டவர் சொல்லும்போது பையன் கணக்கை யார் கேட்பார்கள்? ஆனால் கணக்கு யார் சொன்னாலும் கணக்குத்தானே. எடிங்டன் பெயரால் கணக்கு மாறவில்லை. சந்திரசேகருக்கு 1983-ல் நோபல் பரிசு வந்தது. இவர் தம்மை நாஸ்திகர் என்றே சொல்லிக்கொண்டவர் என்பதை, அவருடைய படத்துக்கு மாலை போடுகின்ற நம் பெரியவர்கள் சொல்ல மறந்துவிடுகின்றார்கள். ஆகையால் நாம் ஞாபகப்படுத்துகின்றோம்.

படத்தின் கதையிலும் நமது தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கட்டம் இருக்கின்றது. பயிரெல்லாம் நோயால் அழிந்து, எங்கும் புழுதிக் காற்றடித்து, சோளம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கின்றது. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில், மனிதன் சந்திரனுக்குப் போனதே பொய், ருஷியாவை ஏமாற்றிப் போண்டியாக்குவதற்காகச் செய்த நாடகம் என்று பாடப் புத்தகத்திலேயே திருத்தி அச்சிட்டுச் சொல்லிக்கொடுக்கின்றார்கள். பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து உண்மையைச் சொன்ன பெண் குழந்தைமீது புகார் வந்து, தகப்பனைக் கூப்பிட்டனுப்புகிறார்கள். இது வெறும் கற்பனையா? 1969 முதல் 1972 வரை 12 பேர் சந்திரனில் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்து, அங்கே வைத்துவிட்டு வந்த கண்ணாடிகள் பூமியிலிருந்து விடுகின்ற லேசர் ஒளியை இன்றும் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க, அது நடக்கவே இல்லை என்று சாதிக்கின்றவர்கள் அந்த நாட்டிலேயே இருக்கத்தான் இருக்கிறார்கள். நம் நாட்டில் வேறு தினுசு. 2019-ல் சந்திரயான்-2-ன் இறங்குகலம் விழுந்து நொறுங்கியது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 புறப்படுவதற்கு முந்தின நாள், அதன் சிறு மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு விஞ்ஞானிகள் திருப்பதி மலைக்குப் போனார்கள். ஆகஸ்டு 23-ந் தேதி அது சந்திரனில் ஒழுங்காக இறங்கிற்று, நமக்கும் வெகு சந்தோஷம். ஆனால் நாம் கேட்பது, 2019-ல் ஏற்பட்ட கோளாறு இன்னதென்று கண்டுபிடித்து, நான்கு வருஷம் உட்கார்ந்து திருத்தினவர்கள் இஞ்சினீயர்களா, அர்ச்சகர்களா? வேலை செய்தவன் தன் கையையே நம்பாமல், தான் செய்ததைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லின் முன்னால் வைத்தால், பார்க்கின்ற பாமரனுக்கு அதிலிருந்து என்ன புத்தி வரும்?

இந்தப் படத்தையும் அதன் ரசிகர்களையும் ஒரேயடியாக மெச்சிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். முடிவில் அன்பு என்பது காலத்தையும் இடத்தையும் தாண்டிப் பாய்கின்ற ஒரு சக்தி என்பதாக ஒரு பாத்திரம் பேசுகின்றது, கதையும் அதற்கு ஒத்தாசை செய்கின்றது. இரண்டரை மணி நேரம் கணக்குப் பேசிவிட்டுக் கடைசியில் கதாகாலட்சேபம் பண்ணினது போல் நமக்குப் பட்டது. அங்கேயும் பல ரசிகர்கள் இதைச் சகிக்கவில்லை என்று தெரிகின்றது. அல்லாமலும், அந்த டைரக்டரையே அவதாரமாக்கி, அவர் படத்தில் குற்றம் சொன்னவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுகின்ற கூட்டமும் சிறிதல்ல. திருப்புகழ் பாடுகின்றவனுக்கும் இவனுக்கும் உடுப்பில்தான் வித்தியாசம். ஒரு விஷயம் மட்டும் நமக்கு நிரம்பப் பிடித்தது. தம்பி எழுதின பழைய கதையில் ஆண் பிள்ளையாக இருந்த குழந்தையை அண்ணன் பெண்ணாக மாற்றினாராம். உலகத்தைக் காப்பாற்றுகின்ற கணக்கைப் போட்டு முடிப்பது அந்தப் பெண்தான். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா, புருஷன் யார் என்பதைப் பற்றிக் கதை அதிகமாகக் கவலைப்படவே இல்லை.

இனி முக்கியமான சங்கதிக்கு வருவோம். படம் ஓடி முடிந்ததும் நம் நாட்டில் சிலர் கிளம்பி, "இதெல்லாம் நம் புராணத்தில் அன்றே இருக்கின்றது. காலம் மெதுவாகப் போவதை ரைவத மகாராஜன் கதையில் நம் ரிஷிகள் சொல்லியிருக்கின்றார்கள்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் கதை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லுகின்றோம். ரைவதன் என்கிற ககுத்மி தன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை விசாரிப்பதற்காக அவளையும் அழைத்துக்கொண்டு பிரம்மலோகத்துக்குப் போனானாம். அங்கே பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்ததாம். அது முடிகின்ற வரையில் காத்திருந்து கேட்டானாம். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் போய், அவன் நினைத்து வைத்திருந்த மாப்பிள்ளைகளெல்லாம் செத்து, அவர்கள் வம்சமும் அற்றுப்போயிற்றாம். பிரம்மா பலராமனுக்குக் கொடு என்றாராம்.

இதுதான் ஐன்ஸ்டீன் கணக்காம்! பிரம்மலோகத்தின் கனம் எவ்வளவு? அது சுழலுகின்றதா, நிற்கின்றதா? கச்சேரி எத்தனை நாழிகை? எந்தச் சூத்திரத்தைப் போட்டால் 27 வருகின்றது, ஏன் 26 வரவில்லை? இதற்கெல்லாம் ஒரு வார்த்தை உண்டா? போகட்டும், கதையின் மிச்சத்தையும் ஏன் சொல்லாமல் விழுங்குகின்றார்கள்? பழைய யுகத்துப் பெண்ணாகையால் ரேவதி மிகவும் நெட்டையாக இருந்தாளென்றும், பலராமன் தன் கலப்பையின் நுனியால் அவளைக் குட்டையாக்கிக் கல்யாணம் செய்துகொண்டானென்றும் விஷ்ணு புராணம் சொல்லுகின்றது. காலம் நீண்டது விஞ்ஞானம் என்றால், கலப்பையைக் கொண்டு பெண்ணின் உயரத்தைக் குறைத்தது எந்த விஞ்ஞானம்? அவளுக்கு அது சம்மதமா என்று கேட்டவர் யார்?

காலம் மெதுவாகும் என்பது மெய்யான அறிவாக இருந்தால் அது சோறு போடும். இன்று நம் கைப்பேசியில் வழி காட்டுகின்றதே ஜி.பி.எஸ்., அதற்காக ஆகாயத்தில் சுற்றுகின்ற கலங்களின் கடிகாரம் பூமியில் உள்ள கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு 38 மைக்ரோ செக்கண்டு, அதாவது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் 38 பங்கு, வேகமாக ஓடுகின்றது. இதைச் சார்புக் கொள்கைப்படி சரிக்கட்டாவிட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் வழி தப்பிப்போகும். கலப்பைப் புராணத்தை எத்தனை நூற்றாண்டாகப் பாராயணம் பண்ணினார்கள்? அதைக் கொண்டு ஒரு கடிகாரத்தையாவது யாராவது திருத்தினதுண்டா?

யூகம் என்பது தப்பான காரியமல்ல. ஈர்ப்பு அலைகள் என்று ஒன்று இருக்க வேண்டும் என்று ஐன்ஸ்டீன் 1916-ல் சொன்னதும், பார்த்தறியும் கருவி இல்லாத அந்நாளில், காகிதத்தில் இருந்த கணக்குத்தான். 2015 செப்டம்பர் 14-ந் தேதி அது அமெரிக்காவில் கருவியில் அகப்பட்டது. அந்தக் கருவிக்காக உழைத்ததற்கு 2017-ல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் இதே தோர்னும் ஒருவர். நூறு வருஷமானாலும் அந்த யூகம் பரீட்சைக்குக் காத்துக்கொண்டிருந்தது. சினிமா ரசிகன் செய்கின்ற யூகத்துக்கும், அது சின்னதானாலும், ஒரு வாய்தா உண்டு. படம் வருகின்ற வெள்ளிக்கிழமை அவன் சொன்னது நின்றால் நின்றது, விழுந்தால் விழுந்தது. பஞ்சாங்கத்தில் போட்ட மழையைப் பற்றி அடுத்த வருஷம் யாராவது கணக்குக் கேட்கிறார்களா? போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை வீட்டில் வைத்திருப்பவர்கூட இல்லை.

ஆகவே, எல்லாம் எங்கள் புராணத்தில் இருக்கின்றது என்று சொல்லுகின்ற பண்டிதர்களுக்கு நாம் ஒரு வழி சொல்லுகின்றோம். படம் வந்த பிறகும், நோபல் பரிசு கொடுத்த பிறகும் சுலோகத்தைத் தேடுவானேன்? இன்னும் ஒருவருக்கும் பதில் தெரியாத கேள்விகள் எவ்வளவோ இருக்கின்றன. கருந்துளையின் நடுவில் என்ன இருக்கின்றது? அண்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கனத்தை மட்டும் காட்டிக்கொண்டிருக்கின்ற கரும்பொருள் எதனால் ஆனது? இவற்றுக்குப் பதில் எந்தப் புராணத்தில், எத்தனாவது அத்தியாயத்தில், எந்தச் சுலோகத்தில் இருக்கின்றது என்பதை இப்பொழுதே எழுதி, அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டு நமக்கு அனுப்பி வைக்கட்டும். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் நமது பத்திரிகையில் பிரசுரிக்கின்றோம். தபால் செலவையும் நாமே கொடுத்துவிடுகின்றோம்.